குன்னூர்–ஊட்டி ரயிலுக்கு மின்சாரம் கொடுங்கள். மின்நிலையத்தை மழையைப் பார்த்துக் கட்டுங்கள்

தெற்கு ரயில்வே பொது மேலாளர் அவர்களுக்கும், சேலம் கோட்டத்தின் மின்பிரிவுப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்து விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்குகிறவர்கள் நேராக மலை ரயிலைப் பார்க்க ஓடுவார்கள். நான் ஒரு நிமிடம் நின்று தலைக்கு மேலே பார்ப்பேன். கோயம்புத்தூரிலிருந்து தண்டவாளத்தோடு கூடவே வருகிற மின்கம்பி அந்த ஸ்டேஷனோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் மலை எழுகிறது. அந்த மலைக்குள்ளேதான் குந்தா இருக்கிறது, கெத்தை, பரளி, பில்லூர் எல்லாம் இருக்கின்றன. குந்தா நீர்மின் திட்டத்தின் மின்நிலையங்கள் மட்டுமே 500 மெகாவாட்டுக்கு மேல் திறன் கொண்டவை. அந்த மின்சாரம் கோபுரம் கோபுரமாகத் தாண்டி சமவெளிக்கு இறங்கிப் போகிறது. அதே மலையில் ஏறுகிற ரயில் மட்டும் கீழேயிருந்து லாரியில் வரும் எண்ணெயில் ஓடுகிறது.

இது ரொம்ப நாளாக என் மனதை உறுத்துகிற விஷயம். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா குந்தா திட்ட வேலைக்காகச் சமவெளியிலிருந்து மலையேறி வந்தவர். நான் பிறந்தது மஞ்சூர் பக்கம் ஒரு கேம்ப் குடியிருப்பில். வளர்ந்த பிறகு மலையில் உள்ள துணை மின்நிலையங்களில் ஷிப்ட் ஆபரேட்டராக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இப்போது கேத்தியில் இருக்கிறேன். வீட்டு வாசலில் நின்றால் பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு ரயில் போவது தெரியும். ரயில்வே பொறியாளன் இல்லை நான். ஆனால் மலையில் மின்சாரம் எப்படி நடந்துகொள்ளும், எங்கே கோபித்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும்.

கேட்பது இதுதான். குன்னூரிலிருந்து ஊட்டி வரையுள்ள 18 கிலோமீட்டர் பாதையை மின்மயமாக்குங்கள். லைனிலிருந்து மின்சாரத்தை எடுத்து ரயிலுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் மின்நிலையக் கட்டடம் எங்கே, எப்படி அமையப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்து எங்களிடம் சொல்லுங்கள். கம்பியும் பெட்டியும் அப்புறம் வரட்டும்.

கல்லாறிலிருந்து குன்னூர் வரை இருக்கும் நீராவியைத் தொட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மலையில் பாதிப் பேர் இந்த மடலைப் பாதியிலேயே கிழித்துப்போடுவார்கள். 1899-இல் குன்னூர் வரை திறந்த பாதை அது. 12 அடிக்கு ஒரு அடி ஏறுகிற சரிவில், நடுவே பதித்த பல்தண்டவாளத்தைப் பல்சக்கரத்தால் பிடித்துப் பிடித்து எக்ஸ் வகை இன்ஜின் ஏறுகிறது. முதலில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்து வந்தவை அவை. பிறகு நம் பொன்மலைப் பணிமனைக்காரர்களே புதிதாகச் செய்து கொடுத்தார்கள். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்ததற்கு அந்த இன்ஜினும் அந்தப் பாதையும் பெரிய காரணம். ரன்னிமேடு பக்கம் அது மூச்சுவாங்கி ஏறும் சத்தத்தைக் கேட்டவர் யாரும் அதை நிறுத்தச் சொல்ல மாட்டார்கள்.

குன்னூருக்கு மேலே கதை வேறு. 1908-இல் ஊட்டி வரை நீட்டிய அந்தப் பகுதியில் பல்தண்டவாளம் கிடையாது. சாதாரண தண்டவாளம், சாதாரண சக்கரம், இழுப்பது டீசல் இன்ஜின். அந்த டீசல் இன்ஜினைப் பாரம்பரியம் என்று யாரும் கொண்டாடவில்லை. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஊர்களுக்கு நடுவே, வீட்டுக் கொல்லைகளை ஒட்டி, அது புகை விட்டுக்கொண்டு போகிறது. பனிமூட்டம் இறங்கிய காலையில் அந்தப் புகை மேலே எழும்பாமல் கேத்திப் பள்ளத்திலேயே படுத்துக்கிடக்கும்.

உலகப் பாரம்பரியச் சின்னத்தில் மின்சாரமா என்று ஒரு கேள்வி உடனே வரும். ஆஸ்திரியாவின் செம்மரிங் மலைப்பாதை 1959-இல் மின்மயமானது. யுனெஸ்கோ அதைச் சேர்த்துக்கொண்டது 1998-இல். சுவிட்சர்லாந்தின் அல்புலா, பெர்னினா பாதைகள் 2008-இல் பட்டியலில் சேர்ந்தபோது மின்சார ரயில்தான் அவற்றில் ஓடிக்கொண்டிருந்தது. நமக்கு இன்ஜின் செய்து கொடுத்த அந்த நாட்டிலேயே, ரிகி மலையில் ஏறும் பல்சக்கர ரயில்கள் 1937-க்குள் மின்சாரத்துக்கு மாறிவிட்டன. ஆகவே யுனெஸ்கோ பெயரைச் சொல்லி இந்தப் பேச்சை மூடிவிடாதீர்கள்.

நம் மலை ரயில் ஓடுவது மீட்டர்கேஜில், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில். அதில் மின்சார ரயில் என்பது நமக்கும் புதிதில்லை. சென்னை கடற்கரை – தாம்பரம் பாதையில் 1931-லேயே 1500 வோல்ட் நேர்மின்சாரத்தில் மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. 1960-களில் அந்தப் பாதை 25 கிலோவோல்ட்டுக்கு மாறியது, விழுப்புரம் வரை கம்பி போனது, மீட்டர்கேஜுக்கென்றே ஒய்.ஏ.எம்.1 என்ற மின்சார இன்ஜின்கள் வந்தன. சென்னையில் மீட்டர்கேஜ் மின்சார ரயில் 2004 வரை ஓடியது. அதே காலத்தில் இங்கே மலையில் என்ன நடந்தது பாருங்கள். 1932-இல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கி, கோயம்புத்தூர் மில்களுக்கு மின்சாரம் போனது. அதற்கும் முன்னாலேயே, அருவங்காட்டு கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலைக்குக் காட்டேரி அருவித் தண்ணீரில் மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். அந்தத் தொழிற்சாலையின் வாசலை ஒட்டித்தான் நம் ரயில் போகிறது. நூறு வருடத்துக்கு மேலாக மின்சாரத்தின் பக்கத்திலேயே போய்க்கொண்டு, அதைத் தொடாமலே இருக்கிறது.

சரி, எவ்வளவு மின்சாரம் வேண்டும்? இது பள்ளிக்கூடக் கணக்குதான். குன்னூர் ஸ்டேஷன் சுமார் 1,712 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,203 மீட்டரில். வித்தியாசம் ஏறத்தாழ 490 மீட்டர். இன்ஜின், பெட்டிகள், ஆட்கள் எல்லாம் சேர்த்து 150 டன் என்று வைத்துக்கொள்வோம். அதை 490 மீட்டர் தூக்க வேண்டிய சக்தி 200 யூனிட். வளைவுகளில் உராய்வு, இயந்திரத்தில் இழப்பு எல்லாம் போட்டாலும் 300 யூனிட்டுக்குள் அடங்கும். நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தருகிறார்களே, அப்படி மூன்று வீட்டுக்குத் தருவதில் ஒரு ரயில் ஊட்டிக்கு ஏறிவிடும். இறங்கும்போது பிரேக் கட்டையைத் தேய்த்து வீணடிக்காமல் மோட்டாரையே டைனமோவாக்கினால், ஏறச் செலவான 300-இல் மூன்றில் ஒரு பங்காவது திரும்பக் கிடைக்கும். இறங்குகிற ரயில் மின்சாரம் செய்துகொண்டே இறங்கும் என்பது, தண்ணீர் விழுந்து மின்சாரம் ஆவதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு எவ்வளவு பிடித்த விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை.

ஹைட்ரஜன் பற்றியும் ஒரு வார்த்தை. பாரம்பரிய, மலைப் பாதைகளில் 35 ஹைட்ரஜன் ரயில்கள் ஓட்டும் எண்ணத்தை 2023-இல் ரயில்வே அறிவித்தது. ரயில் ஒன்றுக்கு 80 கோடி ரூபாய், பாதை ஒன்றுக்குத் தரைக் கட்டுமானத்துக்கு 70 கோடி ரூபாய் என்பது மதிப்பீடு. ஹைட்ரஜனைச் செய்வதே மின்சாரத்தால்தான். செய்து, அழுத்தி, சிலிண்டரில் அடைத்து, கொண்டை ஊசி வளைவுகளில் லாரியில் ஏற்றி வந்து, மறுபடி மின்சாரமாக மாற்றினால், போட்டதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேரும். எண்ணெய் தவிர வேறு வழி இல்லாத ஊருக்கு அது பொருந்தலாம். வீட்டுக்குப் பின்னால் குந்தா இருக்கிற ஊருக்கு அது எதற்கு?

கம்பி போடுவதா, பேட்டரியா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். என் அனுபவம் பேட்டரிப் பக்கம்தான் சாய்கிறது. மார்கழி, தை மாதங்களில் ஊட்டியில் உறைபனி விழும். விடிகிற நேரத்தில் கம்பியில் பனிக்கட்டி ஒட்டியிருந்தால் ரயில் கூரையின் மின்வாங்கி சரியாகத் தொடாமல் பொறி பறக்கும். மழைக்காலத்தில் கற்பூர மரமும் சீகை மரமும் லைன் மேல் சாயாத வாரமே இருக்காது. குரங்குகளைப் பற்றி எந்த லைன்மேனைக் கேட்டாலும் சொல்வார். பனிமூட்டம் நாள்கணக்கில் நிற்கும்போது இன்சுலேட்டர் மேல் ஈரமும் அழுக்கும் சேர்ந்து ஃபீடர், அதாவது ஊருக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன், டிரிப் ஆகி நின்றுவிடும். குகைகளோ நூறு வருடத்துக்கு முன் மீட்டர்கேஜ் பெட்டிக்கு அளந்து குடைந்தவை. உயர் அழுத்தக் கம்பிக்கும் பாறைக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளிக்காக அவற்றைச் செதுக்கத் தொடங்கினால் எங்கே போய் முடியும்? 18 கிலோமீட்டர்தான் தூரம், 300 யூனிட்தான் தேவை. பெட்டிக்கு அடியில் பேட்டரி, இரண்டு முனைகளிலும் சார்ஜ் ஏற்றும் நிலையம் என்று வைத்தால், நடுவே ஒரு கம்பம்கூட நட வேண்டியதில்லை.

ஆனால் கம்பியோ பேட்டரியோ, எதுவானாலும் ஒரு கட்டடம் வரும். டிரான்ஸ்பார்மர், கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபயர், கன்ட்ரோல் ரூம், பேட்டரி ரூம், கேபிள் டிரெஞ்ச் எல்லாம் வரும். எல்லோரும் கம்பி காட்சியைக் கெடுக்குமா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். வேண்டாமென்றால் கம்பியைக் கழற்றிவிடலாம். மலையை வெட்டிக் கட்டிய கட்டடத்தை யார் கழற்றுவது?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த நிலையங்களில் ஒன்று சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் இருந்தது. எந்த நிலையம், யார் கட்டியது என்று இங்கே எழுத விரும்பவில்லை. பின்பக்கம் கருங்கல் தடுப்புச் சுவர். சுவரில் தண்ணீர் வடிவதற்கான வீப்ஹோல்கள் வரிசையாக இருந்தன, பார்த்தால் நல்ல வேலை மாதிரியே தெரியும். உள்ளே ஜல்லி போட்டு நிரப்பாமல் மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. ஐப்பசி மாதம், நைட் ஷிப்ட். மூன்று நாளாக விடாத மழை. பதினொரு மணிக்கு மேல் சுவரின் நடுவே வயிறு தள்ளினாற்போல் ஒரு வீக்கம். பன்னிரண்டுக்குக் கேபிள் டிரெஞ்ச் வழியாகச் செம்மண் தண்ணீர் கன்ட்ரோல் ரூமுக்குள் வந்துவிட்டது. பேட்டரி ரூம் அதைவிட ஒரு படி தாழ்வு.

மின்நிலையத்தில் பேட்டரி என்பது உயிர்நாடி. லைனில் கோளாறு வந்தால் பிரேக்கரைத் திறக்கும் சக்தி அந்த 110 வோல்ட் பேட்டரியிலிருந்துதான் வரும். அது மூழ்கினால் மொத்த நிலையமும் கை கட்டிப்போட்ட ஆள் மாதிரி. பேனலில் விளக்குகள் மங்கிக்கொண்டே வந்தன. அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு ஃபீடர் மேல் மரம் விழுந்தது. பிரேக்கர் திறக்கவில்லை. தூரத்தில் சரிவு முழுக்க நீலமாக வெளிச்சம் அடித்து அடித்து அணைந்தது. அறுந்த கம்பி ஈர மண்ணில் துள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நானும் ஹெல்ப்பரும் முழங்கால் தண்ணீரில், ஒரு டார்ச்சோடு யார்டுக்குப் போய், கையால் பிரேக்கரைத் தட்டிவிட்டு, அப்புறம் லைனைத் தனியாகப் பிரிக்கும் ஏ.பி. சுவிட்சையும் பிரித்தோம். கம்பி அறுந்து விழுந்த இடம் ஒரு லைன் வீட்டுக் குடியிருப்பின் வாசல். அந்த நேரத்தில் யாரும் வெளியே வரவில்லை. அவ்வளவுதான். வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் சில இரவுகளில் நினைத்துக்கொள்வேன்.

அன்று தவறியது பிரேக்கரோ பேட்டரியோ இல்லை. சுவருக்குப் பின்னால் போடாத ஜல்லியும், தாழ்வாகக் கட்டிய ஒரு அறையும்தான். மின்சார வரைபடத்தைப் பத்துப் பேர் சரிபார்த்திருப்பார்கள். தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

2009 நவம்பர் 10-ஆம் தேதியை நீலகிரியில் யாரும் மறக்கவில்லை. கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. சென்னையில் ஒரு வருடம் முழுவதும் பெய்வதில் பாதிக்கு மேல், ஒரே நாளில். அந்த மழையில் மலைச்சரிவு நூற்றுக்கணக்கான இடங்களில் பெயர்ந்தது, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், மலை ரயில் பாதையும் மண்ணுக்குள் போனது. பத்து வருடம் கழித்து, 2019 ஆகஸ்டில், அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இங்கே எந்தக் கட்டடத்தையும் வரைவதற்கு முன் இந்த இரண்டு நாட்களையும் வரைபடத்தின் தலையில் எழுதிவைக்க வேண்டும்.

அதனால்தான் கேட்கிறேன், அகலப்பாதைக்குச் சமவெளியில் கட்டும் மின்நிலையத்தின் வரைபடத்தை இங்கே தூக்கி வராதீர்கள். அங்கே 110 கிலோவோல்ட் லைனின் மூன்று பேஸ் கம்பிகளில் இரண்டிலிருந்து மட்டும் எடுத்து, பெரிய டிரான்ஸ்பார்மரில் 25 கிலோவோல்ட்டாக இறக்குகிறீர்கள். அதற்குப் பரந்த சமதரை வேண்டும். மலையில் சமதரை என்பது இயற்கையாகக் கிடைக்காது, வெட்டினால்தான் வரும். நமக்குத் தேவையோ ஒரு மெகாவாட் சுற்றுவட்டாரத்தில். பக்கத்து ஃபீடரிலிருந்தே எடுக்கலாம். மூன்று பேஸிலும் சமமாக எடுக்கும் ரெக்டிஃபயர் வைத்தால், மலையின் மெலிந்த லைன்கள் தள்ளாடாது. கட்டடத்துக்குள்ளேயே ஒரு பேட்டரியை வைத்து, ஊர் உறங்கும் நேரத்தில் மெதுவாக நிரப்பிக்கொண்டு, காலையில் ரயிலுக்கு வேகமாக ஊற்றலாம். மாலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு விளக்கு மங்காது.

இடத்துக்கும் பஞ்சமில்லை. குன்னூரில் லோகோ ஷெட் வளாகம் இருக்கிறது. ஆனால் ஆற்றை ஒட்டிய பக்கம் வேண்டாம், மேட்டுப் பக்கம் பாருங்கள். ஊட்டி ஸ்டேஷன் பள்ளத்தில் இருக்கிறது. கோடப்பமந்து கால்வாய் பொங்கினால் ரயில்வே பாலத்தின் அடியில் வண்டிகள் மிதப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கே தரைமட்டத்தை ஒரு ஆள் உயரம் தூக்காமல் எதையும் வைக்காதீர்கள். பேட்டரி அறை எந்தக் காரணத்துக்காகவும் தாழ்வில் இருக்கக் கூடாது. கேபிள் உள்ளே நுழையும் வாய் ஒவ்வொன்றும் அடைத்திருக்க வேண்டும். கேத்தியில் நடுநிலையம் ஒன்று வேண்டும் என்று நினைத்தால், தயவுசெய்து சரிவில் ஒரு மண்வெட்டிகூடப் போடாமல், ஸ்டேஷன் நிலத்துக்குள் எவ்வளவு அடங்குமோ அவ்வளவுக்கு மட்டும் கட்டுங்கள்.

பார்வைக்கும் அது இந்த மலையின் கட்டடமாக இருக்கட்டும். இங்கே எங்களை 7 மீட்டர் உயரத்துக்கு மேல் வீடு கட்ட விடமாட்டார்கள், அது சரியான சட்டம்தான். உங்கள் கட்டடமும் அதற்குள் அடங்கட்டும். கருங்கல் சுவர், மழை வழியும் சாய்ந்த கூரை, ஸ்டேஷன்களில் ஏற்கெனவே இருப்பது போல. உள்ளே ஷிப்டுக்கு இருப்பவருக்கு ஒரு நல்ல ஜன்னலும், குளிர்காயச் சின்ன இடமும், ஒரு கழிவறையும் வையுங்கள். தொலைவிலிருந்தே இயக்கலாம், ஆளே தேவையில்லை என்பீர்கள். மழைக்காலத்து இரவில் ஆள் தேவைப்படும்.

இதெல்லாம் நடந்தால் ரயில் யாருக்கு ஓட வேண்டும் என்பதும் மாறும். சுற்றுலா வருகிறவர்கள் வரட்டும், அவர்களால் இந்தப் பாதை பிழைத்தது. ஆனால் அருவங்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர், லவ்டேலிலிருந்து குன்னூர் மார்க்கெட்டுக்குக் காய்கறி கொண்டுபோகிறவர், பள்ளிப் பிள்ளைகள், இவர்களுக்கும் இது ஊர் வண்டிதான். இரண்டு பெட்டியோடு சின்ன மின்சார ரயில் அடிக்கடி ஓடினால், மாதச் சீட்டு வாங்கிப் பயணம் செய்ய மலையே திரண்டு வரும். ரோட்டில் கார்கள் கேத்தி வரை வரிசைகட்டி நிற்கும் மே மாதத்தில் அதன் அருமை தெரியும்.

இடம் பார்க்க அதிகாரிகள் வருவீர்கள். சித்திரை, வைகாசியில் வராதீர்கள். மண் காய்ந்து, எல்லாச் சரிவும் நல்ல பிள்ளை மாதிரி நிற்கும். ஐப்பசியில் வாருங்கள், மழை இரண்டாம் நாளைத் தாண்டிய பிறகு. கேத்தி ஸ்டேஷனில் நான் காத்திருக்கிறேன். எந்த ஓடை எங்கே ரோட்டைத் தாண்டும், 2009-இல் எந்த மேடு வழுக்கியது, எங்கே காலை வைத்தால் மண் உள்வாங்கும் என்று லைனோடு நடந்தே காட்டுகிறேன். ரப்பர் பூட்ஸ் மட்டும் கொண்டு வாருங்கள். குடை என்னிடம் நாலைந்து இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு மின்நிலைய ஆபரேட்டர்,
கேத்தி, நீலகிரி